கல்யாணத்தோடு முடிகிற கதை

ஜப்பானில் பள்ளிக்கூடப் பெண்களுக்கென்று வரைகிற காதல் படக்கதைகளுக்கு ஷோஜோ மாங்கா என்று பெயர். கல்லூரியில் சேர்ந்த வருடத்திலிருந்து அவற்றைப் படிக்கிறேன். இப்போது ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பில் போடுகிறேன், எனக்குக் கல்யாண வயது தாண்டிவிட்டது என்று எங்கள் தெருவே சொல்கிறது, இன்னமும் படிக்கிறேன். பிடித்துப் படிக்கிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

பழக்கிவிட்டவள் என் கல்லூரித் தோழி. சந்தவாசல் பக்கத்துப் பெண். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய போனை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் படிப்போம். பக்கங்கள் வலமிருந்து இடமாகப் போகும். முகம் தெரியாத யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட்டிருப்பார்கள். புரியாத வார்த்தைக்கு நாங்களே ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வோம்.

நாங்கள் விடாமல் படித்த தொடரில் ஒரு பையன் வருவான். யாரிடமும் பேச மாட்டான். கதாநாயகி அவனுக்காகச் சமைத்து டிபன் பாக்ஸோடு நிற்பாள், அவன் தாண்டிப் போய்விடுவான். மழையில் அழுகிறவளுக்குக் குடை பிடிக்க இன்னொருத்தன் வருவான். சிரிப்பான், அவள் சொல்வதைக் கேட்பான். நான் குடைக்காரன் கட்சி. அந்த மாதிரிப் பையன் எந்தத் தொடரிலும் ஜெயித்ததில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தோழிக்கு ஊமையன்தான் உசத்தி. "சிரிக்கிறவன் எல்லார்கிட்டயும் சிரிப்பான்டி. இவன் பேசுனா அவகிட்ட மட்டும்தான் பேசுவான்" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வரும். ஒரே ஒரு வாக்கியம் பேசினால் தீர்ந்துவிடுகிற சண்டையை வருடக்கணக்கில் இழுப்பார்கள். அவள் மனதைத் திறக்கும்போது சரியாக ரயில் போகும், அவனுக்குக் கேட்காது. அந்த ரயில் தொலைந்தால் வெளிநாட்டிலிருந்து அவனுடைய பழைய சிநேகிதி வந்து இறங்குவாள். நான் திட்டத் திட்ட, பொறு, அந்த வாக்கியம் வரும் என்பாள் தோழி. வரவில்லை. வரைகிறவருக்கு உடம்பு சரியில்லை என்று தொடரையே நிறுத்திவிட்டார்கள்.

அது நின்று கிடந்த காலத்தில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு வெம்பாக்கம். மாதச் சம்பளக்காரர். பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாராம். அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள். "அப்டியே அவன் மாதிரிடி. ஒரு வார்த்த பேசல" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் பேசவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டால் வாரக்கணக்கில் முகம் பார்க்க மாட்டார். கோபம் எதற்கு என்பதை மாமியாரிடம் கேட்டுத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருமுறை அவள் காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் மாத்திரை அட்டையை வைத்துவிட்டுப் போனாராம். அதை எத்தனையோ மாதம் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். உள்ளுக்குள் பாசம் இருக்கிறது, காட்டத் தெரியவில்லை என்பாள். எங்கே படித்த வசனம் என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் தொடர் மறுபடி வர ஆரம்பித்து முடிந்தும்போனது. கடைசி அத்தியாயங்களைச் சேர்ந்து படிக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வெம்பாக்கம் போனேன். அவர் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. நாங்கள் சமையலறையில் உட்கார்ந்து படித்தோம். சின்ன வயதில் தாயை இழந்ததால்தான் அவன் அப்படி ஆனானாம். ஒரு பக்கம் முழுக்க அவனுடைய ஒரு சொட்டுக் கண்ணீர். அவள் மன்னித்துவிட்டாள். அடுத்த பக்கத்தில் கல்யாணம், பூக்கள் பறக்கின்றன. குடைக்காரன் ஓரமாக நின்று கை தட்டுகிறான்.

தோழி விரலால் தள்ளிப் பார்த்தாள். அதற்கு மேல் பக்கம் இல்லை.

"அவ்ளோதானா?"

"முடிஞ்சிடிச்சி."

"கல்யாணத்தோட எப்டி முடிக்கலாம்? அதுக்கு அப்புறம்தான இருக்கு எல்லாம். வூட்ல ரெண்டே பேரு, அவன் பேசாம இருப்பான், இவ நாள் பூரா என்னா செய்வா? அத எவளும் வரைய மாட்டாளா?"

அதற்குள் அவர் உள்ளே வந்தார். காலி டம்ளரை மேடையில் வைத்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல் திரும்பிப் போனார். அவள் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். டீ கொதிக்கும்போது, இனிமேல் இதெல்லாம் எனக்கு அனுப்பாதே என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், தொடருக்குக் கீழே என் ஆத்திரத்தையெல்லாம் எழுதினேன். இது சின்னப் பெண்களுக்கான கதை, உனக்கு இங்கே என்ன வேலை என்று யாரோ பதில் போட்டிருந்தார்கள். சின்னப் பெண்கள் படிக்கிறார்கள் என்பதுதானே என் வயிற்றெரிச்சல். அதை எழுதப்போய், வேண்டாமென்று அழித்துவிட்டேன்.

இப்போதும் அவளுக்குப் போன் செய்கிறேன். மூச்சு விடாமல் பேசிய பெண், நான் எதைச் சொன்னாலும் ம், ம் என்கிறாள். வைக்கட்டுமா என்றால், அதற்கும் ம்.

போன வாரம் புதிதாக ஒரு தொடர் தொடங்கியிருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே கதாநாயகி நீட்டிய பரிசைப் பிரிக்காமல் குப்பையில் போடுகிறான் ஒருவன். கண்களை அத்தனை அழகாக வரைந்திருக்கிறார்கள். கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து இரண்டாவது அத்தியாயத்தையும் படித்துவிட்டேன்.