மாமனார் போட்ட கரை

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த என் மாமனார், கோரிமேட்டுக்கு அப்பால் தன் நிலத்தில் ஓடிய ஓடைக்குக் குறுக்கே மண்கரை போட்டு ஒரு சின்ன அணை கட்டினார். பாசனத்துக்கு இல்லை. ஆகஸ்டில் ‘வக்கான்ஸ்’ என்று பிரான்சிலிருந்து குடும்பமே விடுமுறைக்கு வந்து இறங்குமே, அவர்கள் நீந்தவும் படகு விடவும். அந்தச் சில வாரம் ஒரே கும்மாளம். மற்ற மாதங்களில் அதற்குக் காவல் நான்.

நான் டவுனுக்குள் உப்பளம் பேட்டையில் ஆள் சத்தத்திலேயே வளர்ந்தவள். கல்யாணமான கையோடு கணவர் பாரீஸ் போனார். “விசா பேப்பர் வந்ததும் உன்ன கூட்டிக்கிறேன்” என்றார். மாமனார் இறந்ததும் மாமியாரும் மகனோடு போய்விட்டார். கரையில் நண்டு வளைகளை அடைத்துக்கொண்டும் செடி பிடுங்கிக்கொண்டும் நான் தனியாகக் கிடந்தேன். அம்மா வீட்டில் ஒரு நாள் தங்கினால் போதும், பாரீஸிலிருந்து போன் வந்துவிடும்: “கரைய யாரு பாக்கறது?” நல்ல இடத்தில்தான் வாக்கப்பட்டேன், ஒரு குட்டைக்கு.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் கசிந்தது. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. இது கலங்கலாக வந்தது. கரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று அர்த்தம். கீழே வீடு வாசல் கிடையாது, எங்கள் சவுக்குத் தோப்பு மட்டும்தான். உடைந்தால் உடையட்டும், சனியன் விட்டது என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் பாழாய்ப்போன கை சும்மா இருக்கவில்லை. மதகைத் திறந்து தண்ணீரைக் குறைத்தேன். கசிந்த இடத்தில் மணலைக் கொட்டி மேலே மணல் மூட்டைகளை அடுக்கினேன். மதியத்துக்குள் கசிவு தெளிந்துவிட்டது.

கணவருக்கு போனில் சொன்னேன். ஒரே சந்தோஷம். “நீ இருக்கற வரைக்கும் கரைக்கு ஒண்ணும் ஆவாது” என்றார்.

“என் பேப்பர் என்னாச்சுங்க?”

“நீயும் வந்துட்டா கரைய யாரு பாப்பா? நீயே யோசிச்சிப் பாரு” என்றார்.

யோசித்தேன். எனக்காக அங்கே யாரும் ஒரு பேப்பரும் போடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் மதகை மூடியிருக்க வேண்டும். நான் மூடவில்லை. மழை நின்று சில நாளில் குட்டை வற்றி, படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. அதைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். “இனிமே பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு டிக்கெட் போடுங்க” என்று கீழே எழுதினேன்.

உடனே பதில் வந்தது: “மொதல்ல மதக மூடு. ஆகஸ்டுக்கு எல்லாரும் வராங்க.”

வீட்டைப் பூட்டிக்கொண்டு உப்பளத்துக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.