ஞாயிற்றுக்கிழமைக் கரண்ட்

புதிய ஹார்ட் டிஸ்க்கை மாட்டிய பிறகு எங்கள் கம்பியூட்டர் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் நாலைந்து வரி வெள்ளை எழுத்து வரும். கடைசி வரி டிஸ்க்கைத் தேடும் வரி. அங்கேயே நிற்கும். நாங்களும் நிற்போம், நானும் தங்கச்சியும், ஹல்துமுல்லைக்குக் கீழே எங்கள் தோட்டத்துப் பழைய பிள்ளைக்காம்பராவில். ஒரு காலத்தில் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன அறை அது. தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் உத்திரத்தில் இருந்தன. கீழே ஒரு மேசை, மேசையில் கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டதைக் கோயில் பாதர் கேட்டு வாங்கிவந்த அந்த ஒற்றைக் கம்பியூட்டர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில்தான் நான் வகுப்பு நடத்தினேன். அதன் பழைய டிஸ்க் சில நாள் டொக் டொக்கென்று முனகிவிட்டுச் செத்துப்போயிருந்தது.

தங்கச்சிக்கு அந்த மேசையை விட்டால் வேறு வழியில்லை. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பண்டாரவளையில் கல்யாணக் கார்ட் அடிக்கும் கடையொன்றில், தமிழில் சில பக்கம் பிழையில்லாமல் டைப் செய்து கொண்டுவந்தால் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அம்மாவோ முழங்கால் வலியில் மலையில் கொழுந்து எடுப்பதை விட்டு நின்றிருந்தார். வீட்டில் ஓர் ஆள் குறைந்தது அப்பாவுக்குப் பெரிய கவலை. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கென்று தந்த லயத்துக் காம்பராவை யாரும் வந்து திருப்பிக் கேட்டுவிடக்கூடாது என்ற பயம் அவருக்கு. திங்கட்கிழமை காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில், தங்கச்சியின் பேரைப் பதியப்போவதாகச் சொல்லிவிட்டார். பேர் பதிந்துவிட்டால் மறுநாள் முதுகில் கொழுந்துக் கூடை. கூடை ஏறிய முதுகிலிருந்து அதை இறக்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கம்பியூட்டரைப் பதுளைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டிஸ்க்கை விற்ற கடைக்காரர் யாழ்ப்பாணத்து ஆள், நிதானமானவர். கோளாறு டிஸ்க்கில் இல்லை, பயோஸில் என்றார். கம்பியூட்டர் கண் விழித்தவுடன் தன்னைத் தானே தடவிப் பார்க்க வைத்திருக்கும் சின்ன அறிவு அது. எங்களுடையது பழசு. இவ்வளவு பெரிய டிஸ்க் ஒன்று உலகத்தில் வரும் என்று அதற்குத் தெரியாது. டிஸ்க்கின் பின்புறத்து ஊசிகளை மாற்றிக் குத்தி அதைச் சிறியதாகக் காட்டிப் பார்த்தார், மசியவில்லை. சின்ன டிஸ்க் இனி வராது. புதிய பயோஸை எழுதலாம், எழுதினால் சரியாகலாம். ஃபிளாப்பியில் அதை இறக்கியும் தந்தார். தந்துவிட்டுக் கையை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்:

“தம்பி, எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போச்சுதெண்டால் அது பிறகு வெறும் தகரம். நான் என்ர கையால செய்யமாட்டன்.”

கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூ.பி.எஸ் ஒன்று அவர் கடையில் இருந்தது. அதன் பெட்டரி செத்து, மேலே பூச்சாடி வைத்திருந்தார்கள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கம்பியூட்டர் மடியில் இருந்தது, ஃபிளாப்பி சட்டைப் பையில். ஒவ்வொரு வளைவிலும் அதைத் தொட்டுப் பார்த்தேன். செய்யாவிட்டால் கம்பியூட்டர் இருக்கும், ஆனால் எதற்கும் உதவாது. செய்து கெட்டால் அதுவும் இருக்காது, வகுப்பும் இருக்காது. “அப்பவே சொன்னேன்ல” என்ற அப்பாவின் ஒரு பேச்சு மட்டும் வீட்டில் இருக்கும். பள்ளத்தில் பனி, மேட்டில் வெயில், மறுபடி பனி. மனமும் அப்படியே ஏறி இறங்கியது.

எங்கள் கரண்டை யாரும் நம்பமாட்டார்கள். தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோருக்கு வரும் லைனில்தான் பிள்ளைக்காம்பராவுக்கும் இழுத்திருந்தார்கள். ஸ்டோரில் கொழுந்தை உருட்டும் ரோலர் சுற்றத் தொடங்கினால் எங்கள் பல்ப் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிடும். ஆகவே ஸ்டோர் ஓடாத ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தோம். அதைவிடப் பத்திரமான நேரம் இல்லை என்று தங்கச்சியிடம் அடித்துச் சொன்னேன்.

ஞாயிறு காலை. ஸ்டோர் மூச்சே விடவில்லை. ஃபிளாப்பியைப் போட்டேன், அது கரகரத்துப் படித்தது. எழுதட்டுமா என்று திரை கேட்டது. ஆம் என்றால் ஓர் எழுத்து, இல்லை என்றால் ஓர் எழுத்து. விரலை நீட்டினேன். தலைக்கு மேல் பல்ப் மங்கியது. மீண்டும் எழுந்தது. மறுபடி மங்கியது.

விரலை எடுத்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் பேச்சு, இரும்பு உரசும் சத்தம், புளித்த அசிட் வாடை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெட்டரி!

கீழ் லயங்களுக்கு அந்தக் காலத்தில் கரண்ட் வந்திருக்கவில்லை. டி.வி. எல்லாம் கார் பெட்டரியில். ஞாயிறு பின்னேரப் படத்துக்காக ஞாயிறு காலையில்தான் எல்லாரும் பெட்டரியைத் தூக்கிவந்து பக்கத்து அறையில், இதே லைனில், சார்ஜுக்குப் போடுவார்கள். நானும்தான் எத்தனை ஞாயிறு தோளில் சுமந்து வந்திருக்கிறேன். ஞாயிறுகளில் வகுப்பு இல்லாததால் அந்த அறையையும் இந்த மேசையையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை.

பெட்டரிகள் போகும் பின்னேரத்தில் ஸ்டோரில் மறுநாளைக்காக மெஷின்களை ஓட்டிப் பார்ப்பார்கள். அடுத்த ஞாயிறு வரை பொறுத்து, பெட்டரிகள் வருமுன் விடியலிலேயே எழுதலாம் என்றேன். எனக்கு உள்ளுக்குள் அது நிம்மதியாகக்கூட இருந்தது. தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

“அடுத்த ஞாயிறு நான் கூடைய கழுவிக் காயப் போட்டுக்கிட்டு இருப்பேன்ண்ணே.”

சொல்லிவிட்டு அவளே அடுத்த அறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். வரிசை வரிசையாகப் பெட்டரிகள், ஒன்றுக்கொன்று வயர் கோத்து. சுவரோரம் சனம். அந்தச் சனத்துக்குள் அப்பா, எங்கள் பெட்டரியின் பக்கத்தில் குந்தியபடி. கொஞ்ச நேரம் எல்லாரும் கழற்றிவைக்க வேண்டும் என்று தங்கச்சி கேட்டாள். ஏன் என்பதைச் சுருக்கமாகச் சொன்னாள். முணுமுணுப்பு எழுந்தது. இவ்வளவு பெட்டரி கிடக்கிறதே, இதிலேயே கம்பியூட்டரை ஓட்ட முடியாதா என்று ஒருவர் கேட்டார். அதற்கு வேறு பெட்டி வேண்டும் என்று நான் விளக்கத் தொடங்கியதை யாரும் கேட்கவில்லை. பின் வரிசை வீட்டு அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“படம் பாதியில நின்னா ஒங்கண்ணன் வந்து ஆடிக் காட்டுவானா?”

“ஆடுவாரு அத்தை. நீங்கதான் பாக்கத் தாங்கமாட்டீங்க.”

சிரிப்பு ஒரு சுற்று வந்தது. சிரிப்போடு சிரிப்பாக அத்தை தன் பெட்டரி வயரைக் கழற்றினார். பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர். கடைசியில் அப்பாவுடையது மட்டும் மிச்சம். அவர் அசையவில்லை. அந்தக் கம்பியூட்டர் செத்தால் அவர் வாயே திறக்க வேண்டியதில்லை, திங்கட்கிழமை தானாக வந்துவிடும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வெடித்த விரல்களால் பெட்டரியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. தங்கச்சியும் கேட்கவில்லை. வெறுமனே நின்றாள். பிறகு அவர் கிளிப்பைக் கழற்றித் தரையில் வைத்தார்.

திரும்பி வந்தோம். நான் உட்காருமுன் தங்கச்சி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவை உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். அழுத்தினாள்.

வெள்ளைக் கட்டம் ஒவ்வொன்றாக ஊர்ந்தது. எறும்பு மாதிரி, இல்லை, எறும்புக்காவது அவசரம் இருக்கும். நான் திரையைப் பார்க்கவில்லை, பல்பைப் பார்த்தேன். அதன் கம்பி சிவந்து நடுங்குவதை, நடுங்காமல் நிற்பதை, என் கண்தான் நடுங்குகிறதோ என்பதை. வாசலில் சனம் நெருங்கி நின்றது. குழந்தையொன்று சிணுங்க, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். காற்று தகரக் கூரையைத் தூக்கித் தட்டியது, பல்ப் மங்கவில்லை. எழுதி முடிந்தது என்று திரை சொன்னது.

ஆனால் முடியவில்லை. நிறுத்தி மறுபடி போட வேண்டும். போட்டாள். கறுப்பு. வெறும் கறுப்பு. வழக்கமாக வரும் எழுத்து வரவில்லை. தங்கச்சியின் தோளில் கை வைத்தேன், அவள் அதை உதறினாள். பிறகு உள்ளே எங்கோ ஒரு சின்னப் பீப். வெள்ளை எழுத்துகள் இறங்கின. டிஸ்க்கைத் தேடும் வரி வந்தது, ஒரு கணம் நின்றது, டிஸ்க்கின் பேரையும் அளவையும் காட்டிவிட்டுக் கடந்து போனது.

“அவ்வளவுதானா?” என்றார் அத்தை. “படம் ஒன்னும் வரலியே.”

எல்லாரும் பெட்டரிக்கு ஓடினார்கள்.

இழந்த நேரத்தை எந்தப் பெட்டரியும் திருப்பிப் பிடிக்கவில்லை. பின்னேரம் கதாநாயகன் உண்மையைக் கண்டுபிடிக்கும் இடத்தில் கீழ் லயங்களில் ஒவ்வொரு வீடாகப் படம் ஓரங்களிலிருந்து சுருங்கி அணைந்தது. ஒவ்வொரு வாசலிலிருந்தும் எங்கள் வீட்டை நோக்கி ஏச்சு வந்தது. எங்கள் டி.வி.யும் அணைந்தது. அப்பா அந்த இருண்ட கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார். அம்மா விளக்கை ஏற்ற எழுந்தபோது, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்:

“நாளைக்குப் பேர் பதியல. அடுத்த மாசம் பாப்போம்.”

அடுத்த மாதம் என்றுதான் சொன்னார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மாதம் போதுமா என்று எனக்குத் தெரியாது. தங்கச்சி இன்னும் பிள்ளைக்காம்பராவில்தான் இருந்தாள். சொல்வதற்காக நான் ஏற்றத்தில் ஓடினேன்.