அன்புக்கரசி நடத்திய வேஷ ஓட்டம்

"அண்ணே, வேஷம் கட்டிக்கிட்டு ஓடுற ஓட்டம் ஒண்ணு வைக்கப்போறேன். ஒங்க மைக் செட்டும் வண்டியும் வேணும்" என்று அன்புக்கரசி வந்து நின்றபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓடுகிறவன் இருக்கிற துணியையும் குறைத்துக்கொண்டுதான் ஓடுவான். இவள் இன்னும் கூடுதலாகப் போட்டுக்கொண்டு ஓடச் சொல்கிறாள்.

"எதுக்கும்மா?"

"வெளிநாட்டுல கிறிஸ்துமஸ் சமயத்துல இப்பிடி ஓடி, இல்லாதவங்களுக்கு ஒதவுறாங்க. போன்ல பாத்தேன். என் கடையிலயும் இம்புட்டு வேஷத்துணி சும்மாதான கெடக்கு?"

அது உண்மை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னக் கடை அவளுடையது. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு வேஷத்துணி வாடகைக்குக் கொடுப்பாள். ராஜா, போலீஸ், மயில், கேரட், புலி எல்லாம் ஒரே கொடியில் தொங்கும். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்டால், "ராஜாவே இங்க வாடகைக்குத்தான் போறாரு" என்பாள். துணி கிழிந்து வந்தால் நாள் முழுக்கத் திட்டுவாள். மறுவாரம் அதே பள்ளிக்கூடத்துக்கு அதே துணியைத் தைத்துக் கொடுப்பாள். இவள் தலைக்குள் என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்க எனக்கு எப்போதுமே ஆசை.

இந்தத் தடவை அவள் தலைக்குள் இருந்தது தமிழ்மதி. பக்கத்து வீட்டுப் பெருமாயியின் மகள். பத்து வயது. பிறந்ததிலிருந்து நடை இல்லை. பெருமாயி இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவாள். பிள்ளை வளர்ந்துவிட்டது, தாய்க்கு இடுப்பு விட்டுப்போனது. "அரப் பரீட்ச லீவோட நிறுத்திர்றேன் அன்பு. என்னால ஏலல" என்று சொல்லிவிட்டாள். முதுகைத் தாங்குகிற மாதிரி அளவெடுத்துச் செய்த சக்கர நாற்காலி இருந்தால் பிள்ளை போய்வரலாம். சாதாரண நாற்காலியில் சரிந்துவிடுகிறாள்.

மோட்டார் பம்புக் கடை ஈஸ்வரன் வாங்கித் தருகிறேன் என்றார். ஆனால் முறுக்கான ஆள்.

"போட்டோ எடுக்குற கூத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன். ஞாயித்துக்கெழம காலைல எட்டு மணிக்குள்ள அம்பது பேரு முடிவுக் கோட்டத் தாண்டணும். தாண்டட்டும், நாற்காலி என் பொறுப்பு."

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு. தாடிக்கொம்பில் தொடக்கம், அகரத்தில் கோடு. ஏழு மணிக்கு எழுபது பேர் வேஷத்தோடு நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் புலி. பாத்திரக் கடையில் வேலை பார்க்கும் மைதீன் பிச்சை. நான் பாட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை விட்டேன்.

முதல் தெருவிலேயே புலி நின்றுவிட்டது. வாசலில் ஓர் அம்மா செம்பில் மஞ்சள் தண்ணீரோடு வழிமறித்து நின்றாள்.

"ஏத்தா, நான் மைதீன் பிச்சை. பாத்திரக் கட. விடுத்தா, நேரமாச்சு."

"யாரா இருந்தா என்னப்பு? வேஷங்கட்டி வந்த காலு. செத்த நேரம் நில்லு."

தண்ணீரை ஊற்றினாள். ஒரு படி அரிசியைக் கையில் கொடுத்தாள். ஓடுகிற புலி அரிசியை எங்கே வைக்கும்? என் வண்டியில் போட்டது. அடுத்த வாசலில் மயிலை நிறுத்தினார்கள். அதற்கடுத்து ராஜாவை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்புக்கரசி டவுனில் வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாது. நான் இந்தப் பக்கத்துக்காரன், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இங்கே அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள்தான் வேஷம் கட்டி வீடு வீடாக வருவார்கள். காலுக்குத் தண்ணீர் ஊற்றி, இருப்பதைக் கொடுத்து அனுப்புவார்கள். தண்ணீரோடு நிற்கிறவளைத் தாண்டிப் போக வேஷம் கட்டியவனுக்கும் மனசு வராது.

"நிக்காதீங்கய்யா! ஓடுங்க!" என்று அன்புக்கரசி தொண்டை கிழியக் கத்தினாள். கத்தியவளுக்கும் காலில் தண்ணீர் விழுந்தது. அவள் கேரட் வேஷத்தில் இருந்தாள்.

எட்டு மணிக்கு அகரத்துக் கோட்டில் நின்ற ஈஸ்வரன் வாட்சைப் பார்த்தார்.

"ஒம்போது பேரும்மா. அதுல ஒருத்தரு பால்காரரு. அவரு வேஷமே கட்டல."

ஓரமாகப் பெருமாயி மகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அன்புக்கரசி அந்தப் பக்கம் பார்க்காமல் என் வண்டிக்குப் பின்னால் வந்தாள். அரிசி, சோளம், தேங்காய், பூசணிக்காய், கால் கட்டிய ஒரு கோழி. செத்த நேரம் அதையே பார்த்தாள்.

"அண்ணே, மைக்கக் குடுங்க."

அவளுடைய சர்ச் திருவிழாவில், காணிக்கையாக வந்த சாமான்களை ஏலம் விடுவார்கள். அதே ராகத்தில் ஆரம்பித்தாள். "புலி வாங்குன தேங்கா! பத்து வயசுப் புள்ள பள்ளிக்கூடம் போக ஒரு நாற்காலி! கேளுங்க சாமி, கேளுங்க!"

ஏலத்தில் எடுத்த தேங்காய் வீட்டுக்கு நல்லது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கூட்டம் கூடிவிட்டது. கடையில் விற்கிற விலையைப் போல இருபது மடங்குக்கு ஒரு தேங்காய் போனது. ஈஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பூசணிக்காய்க்கு அவருடைய எதிர்க் கடைக்காரர் குரல் கொடுத்ததும் கட்டிய கை பிரிந்துவிட்டது.

"ஏம்மா, அவனுக்கு விட்றாத! அதுக்கு மேல நூறு வையி!"

"நூறா? எறநூறு!" என்றார் எதிர்க் கடைக்காரர்.

பத்து மணிக்குள் நாற்காலிக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. ஈஸ்வரன் பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு, "நான் சொன்ன அம்பது பேரு கணக்குல இது சேராது பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எப்பிடிம்மா தோணுச்சு?"

"தெரியலண்ணே. ஒண்ணுமே ஓடல. கோழி கத்துச்சு. சரி, வித்துப்புடுவோம்னு தோணுச்சு." அவ்வளவுதான் சொன்னாள். இன்றைக்கும் எனக்கு அது போதவில்லை.

பொங்கலுக்குள் நாற்காலி செய்து வந்துவிட்டது. பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அந்தப் பக்கம் வண்டியில் போனேன். தமிழ்மதி சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு போனாள். "தள்ளாதம்மா, நானே போறேன்" என்று அதட்டினாள். பின்னால் பெருமாயி, பத்து வருஷமாகப் பிள்ளையைச் சுமந்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஒரு தடவை முந்தானையைப் பிடித்தாள், ஒரு தடவை இடுப்பில் வைத்தாள், அப்புறம் வீசிக்கொண்டே நடந்தாள்.