நிலைக்கும் சுவருக்கும் நடுவில்

வேலை முடிந்து வந்ததும் கண்டக்டரம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசல் நிலையின் ஓரமாகச் சுட்டுவிரலை ஓட்டிப் பார்ப்பார். மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடத்தில் எல்லாம் ஒரு 'ச்சே' விழும். "வீடா கட்டி வச்சிருக்கானுங்க? கூண்டு கட்டி வச்சிருக்கானுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார்.

நகரப் பேருந்தில் ஆண்டுக்கணக்காக நின்றே பிழைக்கிறவர். பை தொங்கித் தொங்கி இடது தோள் சற்றே இறங்கியிருக்கும். மாடிப்படியில் நின்று நம்மோடு பேசும்போதும் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும். தரை திடீரென்று பிரேக் போட்டுவிடும் என்று அந்தக் கைக்கு இன்னும் சந்தேகம். கோபம் மட்டும் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நிற்கும். மருந்துக்கடை வரிசையில் குறுக்கே புகுந்த ஒரு கனவானை, "பின்னாடி எடம் காலியா இருக்கு சார், உள்ள போங்க" என்று தெருமுனை வரை அனுப்பி வைத்தவர்.

எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டு நிலைகளும் இப்படித்தான் இளித்துக்கொண்டு நிற்கின்றன. பச்சை மரத்தை வைத்துப் பூசிவிட்டார்கள். அது காயக் காய ஒடுங்கி, பூச்சை விட்டு விலகிவிட்டது. கட்டியவர்களின் மேற்பார்வையாளரிடம் நாங்கள் எல்லோரும் கெஞ்சினோம். கண்டக்டரம்மா மட்டும் சண்டை போட்டார். மரம் மூச்சு விட வேண்டும், அதற்குத்தான் இடைவெளி என்று மேற்பார்வையாளர் விளக்கம் சொன்னாராம். "அது மூச்சு விடட்டும் தம்பி. தூசியில நாங்க மூச்சு விடறதா வேணாமா, அதச் சொல்லிட்டுப் போ" என்று இவர் கேட்டிருக்கிறார். அந்த ஆள் அதற்கப்புறம் எங்கள் மாடிக்கு வருவதையே விட்டுவிட்டார்.

தூசியும் எறும்பும் மட்டும் வந்துகொண்டிருந்தவரை பழைய துணியைச் செருகிக் காலம் தள்ளினார். போன மாதம் மகள் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண். அதிர்ந்து பேசத் தெரியாது. தாலி கட்டியவன் கை நீட்டிவிட்டான், அதுவும் முதல் தடவை இல்லை. வந்த அன்று மாலை முன்னறையில் தாயும் மகளும் மட்டும் உட்கார்ந்து பேசினார்கள். "அவன் கால்ல விழுந்தாக்கூட அந்த வாசப்படிய நான் மிதிக்கமாட்டேம்மா" என்று மகள் அழுதிருக்கிறாள்.

அடுத்த வாரம் தண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டுக்காரம்மா கண்டக்டரம்மாவின் முழங்கையைத் தொட்டு, மிகுந்த இரக்கத்தோடு அறிவுரை சொன்னார். "கால்ல விழுந்தாக்கூட மிதிக்கமாட்டேன்னெல்லாம் பொம்பளப் புள்ள சொல்லலாமா? நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

மகள் முன்னறையில் சொன்னதில் ஒரு வார்த்தை பிசகவில்லை. கண்டக்டரம்மாவின் குடம் வழிந்து காலை நனைத்தது. எந்த வரிசையிலும் குரல் உயர்த்துகிறவர், நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு பேசாமல் மாடியேறினார்.

அடுத்த விடுமுறையன்று கதவு திறந்து கிடந்தது. கண்டக்டரம்மா நாற்காலி மேல் ஏறி நின்று, நிலையோரப் பூச்சைத் திருப்புளியால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் பூச்சு பொத்தென்று உதிர, உள்ளேயிருந்து கசங்கிய காகிதம் வந்தது. பிரித்துப் பார்த்தார். சிமென்ட் மூட்டைக் காகிதம். படியில் இறங்கிக்கொண்டிருந்த என்னிடம் அதை விரித்துக் காட்டினார். "பாத்தீங்களா சார். மூட்டைய உள்ள வச்சுட்டானுங்க. சிமென்ட்ட எங்க வச்சானுங்க?"

சிரிக்கத்தான் நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பெரிய பொந்துகளில் டப்பாவிலிருந்து இடைவெளி அடைக்கும் நுரையைப் பீய்ச்சினார். அது பொங்கி இறுகியதும் பிதுங்கியதைக் கத்தியால் சீவி, மேலே சுவர்ப்பூச்சுப் பட்டி வைத்து இழைத்தார். கதவின் அடியில் ரப்பர் பட்டையை மகள் பிடிக்க, இவர் திருகாணி முடுக்கினார். நடுவில் மகள் கையை எடுத்துக்கொண்டாள். ஊர் வாயைப் பட்டி வைத்து அடைக்க முடியுமா, பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள், விட்டுவிடு என்றாள். அதோடு இன்னொன்றும் கேட்டாள்.

"நான் வந்ததே வெளிய தெரியக்கூடாதுன்னு மூடுறியாம்மா?"

கண்டக்டரம்மா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு அன்று வந்த கோபங்களிலேயே இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். ஆனால் குரல் மட்டும் ஏறவில்லை.

"நீ வந்தது ஊருக்கே தெரியட்டும். யாரு கேட்டாலும் ஆமா, எம்பொண்ணு வந்துட்டா, இங்கதான் இருப்பான்னு நானே சொல்லுவேன். ஆனா நீ எங்கிட்ட அழுதது எனக்குச் சொன்னது. அத எடுத்து இன்னொருத்தி எனக்கே திருப்பிச் சொல்றா பாரு, அதத்தான் அடைக்கிறேன்."

மகள் மறுபடி குனிந்து ரப்பர் பட்டையைப் பிடித்தாள்.

உள்பக்கம் முடிந்து வெளிப்பக்கம் வந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. என்ன வேலை நடக்கிறது, எறும்புத் தொல்லையா என்று அந்த அம்மா அன்பாக விசாரித்தார். கண்டக்டரம்மா அவரை ஒருமுறை பார்த்தார். நிலையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்கக்கா. எந்த எடத்துல காது வச்சா நல்லா கேக்கும்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு, பட்டி டப்பாவிலிருந்து ஒரு உருண்டையை வழித்தெடுத்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். நிலையில் அதை அப்புவதற்கு வழிவிட்டு ஓர் அடி ஒதுங்கி நின்றார்.