கிணற்றுத் தண்ணீரும் நீல மையும்

போரால் வன்னிக்கான ஏ-ஒன்பது வீதி மூடப்பட்ட அடுத்த வருடம், கிளிநொச்சியில் றேடியோவுக்குப் போட ஒரு ரான்சிஸ்ரர்கூடக் கிடைக்கவில்லை. கொண்டுவர அரசாங்கம் தடை. பற்றரிக்கும் தடை. நான் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டே பழுதான றேடியோக்களையும் திருத்திக் கொடுத்தேன். திருத்தினேன் என்பது பெரிய வார்த்தை. ஒன்றைக் கொன்று இன்னொன்றைப் பிழைக்க வைத்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. பாதை திறந்திருந்த காலத்தில், வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் நண்பன் ஒருவன் ஒரு கட்டுரையையும், விரலளவு போத்தலில் கருநீலத் திரவத்தையும் தந்துவிட்டுப் போயிருந்தான். மின்சாரம் கடத்தும் ஒருவகைப் பிளாஸ்ரிக்கில் செய்த மை அது. சாதாரண மைப் பிரிண்டரில் ஊற்றி, வளையும் பிளாஸ்ரிக் தாளில் ரான்சிஸ்ரரையே அச்சடிக்கலாமாம். தடை போட்டவர்களின் முகத்தில் கரி பூசலாம் என்று நினைத்தேன். வகுப்பில் இருந்த ஒரேயொரு பிரிண்டரில் கைவைத்தேன்.

அச்சடித்த முதல் கோட்டில் மின்சாரம் பாய்கிறதா என்று வைத்துப் பார்த்த மீற்றரின் முள் லேசாக அசைந்தது. ரான்சிஸ்ரருக்கு இன்னும் எத்தனையோ படி இருந்தது. ஆனாலும் தலைகால் புரியாமல் துள்ளினேன். மை காய்ந்தால் பிரிண்டரின் முனை அடைத்துவிடும், உடனே காய்ச்சி வடித்த நீரால் கழுவ வேண்டும் என்று கட்டுரையில் இருந்தது. வடித்த நீர் முடிந்திருந்தது. கிணற்றுத் தண்ணீரை ஊசியால் ஏற்றினேன். கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படியும் எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர். மை திரைந்த பால்போலக் கட்டிபட்டு, மயிரிழைத் துவாரங்களிலெல்லாம் இறுகிவிட்டது.

மறுநாள் காலை வட்டக்கச்சியிலிருந்து வயல் செய்யும் ஒரு கமக்காரர் மனைவியைச் சைக்கிளில் இருத்திக்கொண்டு வந்தார். அவவுக்கு முகமும் காலும் வீங்கியிருந்தன. சிறுநீரகக் கோளாறு. பாதை மூடியிருந்தாலும் நோயாளிகளைப் பாஸோடு விட்டார்கள்; வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக அந்த அனுமதிப் பாஸ் எடுக்க வேண்டும், பாஸுக்குப் படம் வேண்டும். ஸ்ரூடியோவில் படம் கழுவும் மருந்து முடிந்திருந்ததால் எல்லோரும் எங்களிடம்தான் வந்தார்கள். கமராவில் அவவைப் படம் எடுத்தேன். அச்சடிக்க வழியில்லை.

“பிரிண்டர் பழுது அண்ணை. ரெண்டு நாள் கழிச்சு வாங்கோ.”

“ஓம் தம்பி, வாறம்.”

பழுதாக்கியது யார் என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. சுடுநீர், வினாகிரி, ஸ்பிரிட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஊற்றிப் பார்த்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. அதற்குப் பிறகு அவர் இரண்டு தரம் வந்து வெறுங்கையோடு திரும்பினார். இரண்டு தரமும் அதே பாதி உண்மையைச் சொன்னேன்.

அடுத்த தரம் வந்தபோது அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி நின்றார்.

“மனுசி செத்துப்போனா தம்பி. இனிப் படம் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போக வந்தனான். நீர் சும்மா மினக்கெடக்கூடாதெல்லோ.”

பாஸ் கிடைத்திருந்தாலும் அவ தப்பியிருப்பாவோ தெரியாது என்று பிறகு பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொன்னேன். நீல மை, கிணற்றுத் தண்ணீர், நான் அச்சடிக்க ஆசைப்பட்ட ரான்சிஸ்ரர், எல்லாவற்றையும். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.

“அந்தச் சாமானெண்டாலும் சரிவந்ததோ தம்பி?”

“இல்லை அண்ணை” என்றேன்.