தானாக எழுந்திருக்கக் கூடாது

சென்னையில் நடிப்புப் படிப்புக்கு விண்ணப்பம் போட முன் அனுபவம் வேண்டும், அதற்குச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள். போர்ட் பிளேரில் கல்லூரி கடைசி வருஷம் படித்துக்கொண்டு, ஹாஸ்டலில் ஒண்டிக்கொண்டு, நான் எங்கே போய் நடிப்பது? எனக்குத் தெரிந்து நாடகக் குழு எதுவும் இல்லை. ஆண்டு விழா என்றால் டான்ஸ்தான், அதிலும் என் உயரத்தைப் பார்த்துப் பின்வரிசையில் தள்ளிவிடுவார்கள். ஷூட்டிங்குக்கு மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் ஆளையும் கையோடு கூட்டி வந்துவிடுவார்கள்.

அப்போதுதான் பேரிடர் ஒத்திகைக்காரர்கள் கல்லூரிக்கு வந்தார்கள். பூகம்பம், சுனாமி வந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்று பழகிப் பார்க்க அவர்களுக்கு அடிபட்டவர்கள் தேவை. சிவப்புச் சாயம் சுடிதாரில் பட்டால் போகாது என்று மற்ற பெண்கள் நழுவினார்கள். சான்றிதழ் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்கள். கையைத் தூக்கிவிட்டேன்.

முதலில் கால் முறிந்தவள். அப்புறம் மயங்கிக் கிடப்பவள். ஹாஸ்டல் அறையில் முனகிப் பழகுவேன். கூட இருந்த பெங்காலிப் பெண் "பாகல்" என்று தலையில் அடித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் படிக்கப் போய்விடுவாள். பைத்தியம் என்று அவள் சொன்னதில் தப்பில்லை. பயிற்சியாளர் ஹிந்தியில் சொல்லித்தந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: அடிபட்டவள் தானாக எழுந்திருக்கக் கூடாது, தூக்க ஆள் வரும்வரை கிடக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது யாராவது தோளைத் தட்டி, "டரோ மத்" என்பார்கள். பயப்படாதே என்று. சாயம் பூசிய காயத்துக்குத்தான் என்றாலும் எனக்கு அது பிடித்திருந்தது. அப்பாவால் நிக்கோபார் கோடியில், கேம்பல் பேயில் இருக்கும் கடையை விட்டு நகர முடியாது. நினைத்தபோது கப்பலேறிப் போக எனக்கும் வாய்க்காது. போர்ட் பிளேரில் என்னைத் தொட்டுப் பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

போர்ட் பிளேருக்கு வெளியே வண்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒத்திகை. மாடியில் கடைசி அறையில், தலையில் அடிபட்டவளாகப் படுத்திருந்தேன். சைரன் ஊதியது. பூட்ஸ் சத்தம் படியேறி வந்தது, பக்கத்து அறையில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனது. நான் முனகினேன். இன்னும் கொஞ்சம் உரக்க முனகினேன். கீழே மைக்கில் நன்றியுரை தொடங்கிவிட்டது. அப்போதும் எழவில்லை, சட்டம் சட்டம்தானே. கைதட்டல் ஓய்ந்து, வண்டி கிளப்புகிற சத்தம் கேட்ட பிறகு நானாக எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கினேன்.

எல்லோரும் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். "அரே, உன்னைத்தானே முதல்ல தூக்கினோம்?" என்று ஹிந்தியில் கேட்டார் பயிற்சியாளர். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல, மறந்துட்டீங்க என்றா? நீட்டிய சமோசாவை வாங்கிக்கொண்டேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது, அழுகை மட்டும் வரவில்லை.

அன்று அப்பாவுக்கு போன் போட்டேன். "சர்டிபிகேட் வாங்கிட்டேம்பா."

"எதுக்கு?"

"அடிபட்டதுக்கு."

"எங்கடி அடி?" என்று பதறினார். விளக்குவதற்குள் லைன் போய்விட்டது. மறுநாள்தான் திரும்பக் கிடைத்தது.

சென்னையில் தேர்வறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். எனக்கு முன்னால் போனவர்களெல்லாம் நாடகம், குறும்படம் என்று அடுக்கியிருந்தார்கள். நான் என் சான்றிதழ்களை நீட்டினேன்.

"ஒத்திகையா? இதுல என்னம்மா நடிப்பு?" என்று ஒருவர் சிரித்தார்.

"அடிபட்டுக் கிடக்கணும் சார்."

"சரி, கிடந்து காட்டு."

தரையில் படுத்தேன். முனகினேன். யாராவது இருக்கீங்களா என்று கூப்பிட்டேன். "போதும், எழுந்திரு" என்றார். எனக்கு எழ வரவில்லை. வீம்பெல்லாம் இல்லை. ஒரு தடவை நானாக எழுந்தது போதுமென்று இருந்தது. ஃபேன் மட்டும் ஓடியது. போச்சு, இடம் போச்சு என்று நினைத்தேன். அப்போது நாற்காலி நகர்ந்தது. மூவரில் ஒருவரான அம்மாள் மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, கையை நீட்டி, "வா, எந்திரி" என்றார்.

வண்டூரில் வராத அழுகை அப்போது வந்தது. விக்கி விக்கி அழுதேன்.

"அடடே, நல்லாப் பண்றியேம்மா" என்றவர் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். அவர்களும் தலையசைத்தார்கள். இது நடிப்பில்லை மேடம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இடம் போய்விடும். சொல்லவில்லை, கிடைத்தது. அந்தக் கையை மட்டும் விடாமல் இன்னும் கொஞ்சம் அழுதேன்.