குடியிருக்கவா, விக்கவா?

கும்பிட்டுக் கேட்கிறேன், இதை எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கும் காட்டாதீர்கள். அண்ணன் போனை எடுத்து, போர்வைக்குள் ஒளித்துவைத்து எழுதுகிறேன்.

செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையைப் புதுசாக்குகிறோம். போன மழையில் அங்கே வழுக்கி விழுந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: வழுக்காத தரை.

இன்று சாயங்காலம் அப்பாவோடு டைல்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கேட்டார்: "குடியிருக்கவா சார், விக்கவா? குடியிருக்கன்னா சொரசொரப்பா போடுங்க. விக்கன்னா பளபளன்னு போடுங்க, பாக்க வர்றவுங்க அசந்துடுவாங்க. வெல ஜாஸ்தி கேக்கலாம்."

அப்பா மெதுவாகச் சொன்னார்: "விக்கத்தான். வீட்ல இன்னும் சொல்லல."

பளபள டைல்ஸுக்கு ஆர்டர் கொடுத்தார்.

வண்டியில் வரும்போது, "அம்மாகிட்ட வாயத் தொறக்காத பாப்பா" என்றார். ஏன் விற்கிறோம், எங்கே போகப்போகிறோம் என்று கேட்க எனக்குப் பயம்.

வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று படுத்துவிட்டேன். அம்மா இன்னும் சமையல்மேடை தன் உயரத்துக்கு எங்கே வரவேண்டும் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

யாரோ வந்து அசந்துபோவதற்காக, வீடு விற்கும்வரை எங்கள் அம்மா வழுக்கி விழவேண்டுமாம். நீங்களாக இருந்தால் சொல்லிவிடுவீர்களா?

அம்மா கதவைத் தட்டுகிறாள். "பாப்பா, தூங்கிட்டியா? சொரசொரப்புதானே எடுத்தீங்க?"